ஃபிரிட்ஜுக்கு வயது 11, வாடகைக்கு வந்து 14 மாதம்: புதியதை யார் வாங்குவது?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு வாசகி விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

கணவர், மனைவி, நான்கு வயது மகன் என மூவர் கொண்ட குடும்பம். கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதியில், வேலை செய்கிறார். நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மாத வாடகை 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2 ஆண்டு ஒப்பந்தம். 14 மாதம் முடிந்துவிட்டது. இரண்டு மாத வாடகை, அதாவது 6,400 வெள்ளி, டெபாசிட்டாக உரிமையாளரிடம் இருக்கிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏர்கான், ஹீட்டர் எல்லாம் வீட்டோடு வந்தவை.

இந்த மாதம் ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்திவிட்டது. பார்க்க வந்த டெக்னிஷியன், கம்ப்ரசர் போய்விட்டது, ஃபிரிட்ஜுக்கு 11 வயது ஆகிறது, கம்ப்ரசரை மாற்ற 480 வெள்ளி ஆகும், இவ்வளவு பழைய பெட்டிக்கு அந்தச் செலவு வீண் என்று சொல்லியிருக்கிறார். உரிமையாளரும் தமிழர்தான். இவர்கள் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் அனுப்பிய குரல்செய்தி இது: "நான் கொடுக்கும்போது நல்லா ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு? உபயோகிச்சது நீங்க. நீங்கதான் புதுசு வாங்கி வைக்கணும். போகும்போது அதை இங்கேயே விட்டுட்டுப் போகணும்."

இதற்கிடையில் வாஷிங் மெஷினின் கதவு ரப்பர் கிழிந்து தண்ணீர் கசிகிறது. அதை மாற்ற 130 வெள்ளி. பெரிய படுக்கையறை ஏர்கானும் சரியாகக் குளிரவில்லை. "கெமிக்கல் வாஷ் பண்ணுங்க, அது உங்க செலவு" என்கிறார் உரிமையாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஏர்கான் சர்வீஸில், ஊருக்குப் போயிருந்த சமயத்தில் ஒன்று விட்டுப்போனதை வாசகி மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

680 வெள்ளிக்கு ஒரு ஃபிரிட்ஜ் பார்த்து வைத்திருக்கிறார் கணவர். அதை வாங்கி, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. வீடு பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், "என் வேலை கையெழுத்தோடு முடிந்தது" என்று சொல்லிவிட்டார். கணவருக்கு நீரிழிவு. இன்சுலின் இப்போது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. "வம்பு பண்ணினா உங்க பாஸ் விஷயம்தான் சிக்கலாகும்" என்று உரிமையாளர் ஒருமுறை குரல்செய்தியில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். இனி அவருக்கான என் பதில்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பணத்தைவிடப் பயம்தான் அதிகமாகத் தெரிகிறது. அதனால் பாஸ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாடகைச் சச்சரவு என்பது உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம். வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தது உங்கள் கணவரின் நிறுவனம். கொடுத்தது மனிதவள அமைச்சு. ஒரு ஃபிரிட்ஜை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்காக அந்த அனுமதியைப் பறிக்கும் அதிகாரம் எந்த வீட்டு உரிமையாளருக்கும் கிடையாது. நீங்கள் முறைப்படி குடியிருக்கிறீர்கள், வாடகையை நாள் தவறாமல் கட்டுகிறீர்கள். நியாயமான கேள்வியை மரியாதையாகக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த ஒரு பயத்தாலேயே தங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அந்தக் குரல்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். பதிலுக்கு அதைப்பற்றி எதுவும் பேச வேண்டாம்.

சரி, இப்போது ஃபிரிட்ஜ்.

"வாடகை வீட்டில் எது கெட்டுப்போனாலும் சட்டப்படி உரிமையாளர்தானே மாற்றித் தர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் வாடகை வீட்டில் எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்லும் தனிச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. சாமான்களோடு வாடகைக்கு விடும் வீடு, நீங்கள் குடியேறும் நாளில் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் வெகுகாலமாக ஏற்றுக்கொண்ட விதி. அதற்குப் பிறகு வரும் பழுதுகளுக்கு உங்கள் வாடகை ஒப்பந்தம்தான் பேசும். சொத்து முகவர் மன்றம் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே தோழி வீட்டில் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு உதவாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. எனக்கு வேண்டிய நான்கு விஷயங்கள் அதில் இருக்கின்றன. சிறு பழுதுகளுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு முறையும் 200 வெள்ளி வரை உங்கள் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட தொகை உரிமையாளருடையது, ஆனால் வேலை தொடங்கும் முன் அவர் ஒப்புதல் வாங்க வேண்டும். ஏர்கானை 3 மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவில் சர்வீஸ் செய்ய வேண்டும். உங்கள் அலட்சியத்தால் வராத ஏர்கான் பழுதும் மாற்றமும் உரிமையாளர் செலவு. வீட்டைக் காலி செய்யும்போது பட்டியலில் உள்ள பொருள்களை, நியாயமான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகையை எந்தக் கழிவும் இல்லாமல் கட்ட வேண்டும்.

200 வெள்ளி வரம்பு எதற்காக

அந்த 200 வெள்ளி விதி, பல்பு எரியவில்லை, குழாய் சொட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரைக் கூப்பிடாமல் இருப்பதற்காகப் போடுவது. 200, 250, 300 என்று வீட்டுக்கு வீடு தொகை மாறும். அன்றாடச் சின்னச் செலவை வாடகைதாரரிடம் விட்டு, பெரிய செலவை சொத்துக்குச் சொந்தக்காரரிடம் வைப்பதுதான் அதன் நோக்கம். ஆயுள் முடிந்துபோன ஃபிரிட்ஜுக்குப் பதிலாக நீங்கள் புதியது வாங்கி, போகும்போது அதை அவருக்கே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

"கொடுக்கும்போது ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு" என்ற வாதத்துக்கும் பதில் உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நியாயமான தேய்மானம் நீங்கலாக என்ற சொற்களை எதற்காகச் சேர்க்கிறோம்? இரவு பகலாக ஓடும் கம்ப்ரசர் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். உங்களிடம் வந்தபோதே அந்த ஃபிரிட்ஜ் பத்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் ஆயுளில் நீங்கள் பயன்படுத்தியது 14 மாதம் மட்டுமே. மீதிக் காலமெல்லாம் உரிமையாளரோ முந்தைய வாடகைதாரர்களோ பயன்படுத்தியது. அந்தத் தேய்மானம் முழுவதையும் உங்கள் தலையில் கட்டுவது ஒப்பந்தத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழுதுக்குக் காரணம் நீங்களாக இருந்தால் கதை மாறும். ஐஸைக் கத்தியால் குத்திச் சுரண்டிக் குழாய் ஓட்டையானது, காற்றோட்டமே இல்லாமல் சுவரோடு ஒட்டி வைத்தது போன்றவை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். அப்போதும்கூட 11 வருடப் பழையதற்குப் புதியதன் முழு விலையைக் கேட்பது எளிதல்ல. இழப்பைக் கணக்கிடும்போது பொருளின் வயதும் அன்றைய மதிப்பும் பார்க்கப்படும்.

அதனால் இப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது டெக்னிஷியனின் எழுத்துப்பூர்வ அறிக்கை. வாய்வார்த்தை போதாது. எந்தப் பாகம் பழுது, அவர் பார்வையில் காரணம் என்ன, பொருளின் வயது என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும், அது தகுமா என்று இரண்டு மூன்று வரியில் எழுதி, நிறுவன முத்திரையோடு தரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜின் உட்பக்கத்திலோ பின்பக்கத்திலோ மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படம் எடுங்கள். குடியேறிய அன்று இருவரும் கையெழுத்திட்ட சாமான் பட்டியலையும் அன்று எடுத்த படங்களையும் தேடி ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

வாஷிங் மெஷினும் ஏர்கானும்

வாஷிங் மெஷின் விஷயத்தில் நியாயம் உரிமையாளர் பக்கம்தான். கதவு ரப்பருக்கு 130 வெள்ளி. அது 200க்குள் வருகிறது. ஆகவே உங்கள் செலவு. இதையும் ஃபிரிட்ஜோடு சேர்த்து அவரிடம் கேட்காதீர்கள். சீக்கிரம் மாற்றிவிடுங்கள். கசியும் தண்ணீர் தரையையோ கீழ்வீட்டுக் கூரையையோ கெடுத்தால், தெரிந்தும் விட்டுவைத்தீர்கள் என்ற பழி உங்கள்மேல்தான் விழும்.

ஏர்கான்தான் கொஞ்சம் சிக்கல். சர்வீஸ் ஒன்று விட்டுப்போனது உங்களுக்குப் பாதகமான விஷயம்தான், ஆனால் அதோடு எல்லாம் போய்விடவில்லை. அந்த ஏர்கான் ஏன் குளிரவில்லை என்பதைப் பொறுத்தது. ஃபில்டரிலும் காயிலிலும் அழுக்கு அடைத்திருந்தால், நீர் வடியும் குழாய் அடைபட்டிருந்தால், அது பராமரிப்புக் குறை. சுத்தம் செய்யும் செலவை நீங்கள் ஏற்பதுதான் முறை. கம்ப்ரசர், மின்பலகை, குழாய்க் கசிவு போன்றவை என்றால், ஒரு சர்வீஸ் தவறியதால் அவை வந்தன என்று காட்ட வேண்டியது உரிமையாளர் பொறுப்பு.

"கேஸ் தீர்ந்துபோச்சு, டாப் அப் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் உடனே பணம் கொடுக்காதீர்கள். ஏர்கான் கேஸ், காருக்குப் பெட்ரோல் போல ஓட ஓடச் செலவாகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடி அதே நிலைதான். கசிவுச் சோதனை செய்து எழுதித் தரச் சொல்லுங்கள். கெமிக்கல் வாஷ் செய்வதற்கு முன் காரணத்தைக் கண்டறியுங்கள். செய்துவிட்டு அப்புறம் குளிரவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பி வராது. விட்டுப்போன சர்வீஸை இந்த வாரமே செய்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. டெபாசிட்டில் பணம் பிடிப்பதற்கு உரிமையாளர்கள் முதலில் கேட்பது ஏர்கான் சர்வீஸ் ரசீதுகளைத்தான்.

வாடகையில் கழிக்க வேண்டாம்

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் 680 வெள்ளியை வாடகையில் கழிப்பதை நான் ஏற்க மாட்டேன். எந்தக் கழிவும் இல்லாமல் வாடகை கட்டுவேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கழித்த அந்த நிமிடமே ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வாடகை குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. உங்களுடையதிலும் 14 நாள் என்று இருக்கிறது. வாடகை நிலுவைக்காக வாடகைதாரரின் பொருள்களைக் கைப்பற்ற நீதிமன்றத்தில் ஆணை கேட்கும் வழியும் இங்கே உண்டு. 680 வெள்ளிக்காக ஒருவர் அவ்வளவு தூரம் போவது அபூர்வம்தான். இருந்தாலும் இன்று நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது, அதில் ஓட்டை போட்டுக்கொள்வானேன்? அவர் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் கழியுங்கள்.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் டெபாசிட்டில் நேர் செய்துகொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. காரணம் அதேதான். ஒப்பந்தத்தை இதற்காக முறிப்பதும் எடுபடாது. டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் விதி, வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றலானாலோ முன்கூட்டியே வெளியேறுவதற்கு. ஃபிரிட்ஜ் பழுது அதற்குள் வராது.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது

'அண்ணே' என்று பழகிவிட்டதால் எழுத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். பழகியவர் என்பதால்தான் எழுத்து வேண்டும். வாயால் பேசினால் குரல் உயரும், சொன்னதும் சொல்லாததும் கலந்துபோகும். அளவாக எழுதிய ஒரு செய்தி உறவையும் காப்பாற்றும். உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன். டெக்னிஷியனின் அறிக்கையில் இருப்பதற்கு ஏற்பவும், தேதிகளைப் போட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம் அண்ணே. இந்த மாதம் 6ஆம் தேதியிலிருந்து ஃபிரிட்ஜ் குளிரவில்லை. 8ஆம் தேதி டெக்னிஷியன் வந்து பார்த்தார். பழசானதால் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 480 வெள்ளி ஆகும், புதியது வாங்குவதே மேல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன். நம் ஒப்பந்தப்படி 200 வெள்ளிக்கு மேற்பட்ட செலவு உங்களுடையது. இதே அளவில் ஒன்றை நீங்கள் வாங்கி அனுப்பலாம். இல்லையென்றால் நீங்கள் சம்மதித்த விலையில் நாங்கள் வாங்கி ரசீதை அனுப்புகிறோம், பணத்தை நீங்கள் தந்துவிடலாம். பழைய ஃபிரிட்ஜை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியேற்ற மாட்டோம். வீட்டில் இன்சுலின் வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் 14ஆம் தேதிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும். வாஷிங் மெஷின் ரப்பரை எங்கள் செலவில் மாற்றிவிடுகிறோம்."

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். உங்கள் பங்கை நீங்கள் தட்டிக்கழிக்கவில்லை என்பது அதில் தெரியும். பின்னால் யாராவது மூன்றாம் மனிதர் இந்தச் செய்தியைப் படித்தாலும் அந்த வரி உங்களுக்காகப் பேசும்.

அவர் பேரம் பேசினால், "முதல் 200 வெள்ளியை நாங்கள் போடுகிறோம், மீதி உங்களுடையது" என்று சொல்லிப் பாருங்கள். ஆயுள் முடிந்த பொருளை மாற்றுவதற்கு அந்த 200கூட உங்கள் கடமை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் பழுதுக்கு முதல் 200 உங்களுடையது என்று அவர் பிடிவாதமாக நின்றால், அந்த வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்சுலின் பக்கத்து வீட்டில் இருக்கும்போது 200 வெள்ளிக்காக ஒரு மாதம் இழுத்தடிப்பதைவிட, காரியம் முடிவதுதான் நல்லது. அதேபோல் நீங்களும் பழையதன் அளவுக்குச் சமமான ஒன்றைத்தான் கேட்க முடியும். இரண்டு கதவுப் பெட்டிக்குப் பதிலாக நான்கு கதவு கேட்டால், கூடுதல் விலை உங்களுடையது.

அவரிடம் சொல்ல இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். உள்நாட்டு வருவாய் ஆணையம், வீட்டு வாடகையில் 15 விழுக்காட்டை ரசீது கேட்காமலே செலவாகக் கழித்துக்கொள்ள விடுகிறது. வீட்டுக் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். அதற்குப் பதில் உண்மையான செலவுகளை ரசீதோடு காட்டும் வழியும் இருக்கிறது. பழைய சாமானுக்குப் பதிலாக வாங்கிய புதிய சாமானின் விலையை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். உங்கள் வாடகை ஆண்டுக்கு 38,400 வெள்ளி. 15 விழுக்காடு என்றால் 5,760 வெள்ளி. இப்படிப் பொருள்கள் கெட்டுப்போகும் செலவும் அந்தச் சலுகைக்குள் அடங்கும். குத்திக்காட்டுவதுபோல் இல்லாமல், "வரிக்கணக்கில் காட்ட ரசீதை உங்கள் பெயரிலேயே வாங்கித் தரட்டுமா அண்ணே?" என்று கேட்டால் போதும்.

நீங்களே வாங்குவதானால்

அவர் பதில் சொல்லாமல் நாள் கடத்தினால், உடல்நலத்துக்காக நீங்களே ஒன்று வாங்க வேண்டி வரலாம். அது தவறில்லை. ஆனால் அது யாருடைய ஃபிரிட்ஜ் என்பதை வாங்குவதற்கு முன் எழுத்தில் தெளிவாக்குங்கள். உங்கள் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கினால் அது உங்களுடையது, காலி செய்யும்போது எடுத்துப்போகலாம். அவர் பணம் கொடுத்தால் அவருடையது. ரசீது யார் பெயரில் என்பது இன்னொரு வகையிலும் முக்கியம். வாங்கி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், 2012 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டத்தின்படி பழுதுபார்க்கவோ மாற்றவோ கடைக்காரரிடம் கேட்கும் உரிமை வாங்கியவருக்குத்தான்.

பழைய பெட்டியில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2021 ஜூலை முதல், புதிய ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து தரும் கடைக்காரர் பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும் என்பது விதி. ஆட்கள் வாசலில் நின்று "பழசை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பார்கள், நாமும் இடம் கிடைக்கட்டும் என்று தலையாட்டிவிடுவோம். ஓடாத ஃபிரிட்ஜாக இருந்தாலும் சாமான் பட்டியலில் அது உரிமையாளரின் சொத்து. அவர் சம்மதம் வாட்ஸ்அப்பில் வரும்வரை அதைக் கொடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் துடைத்து, கதவைத் திறந்தபடி, குழந்தை உள்ளே புக முடியாதபடி கட்டி, பின்கட்டில் வையுங்கள்.

கடைசிவரை மறுத்தால்

ஏஜென்ட்டிடம் இனி எதிர்பார்க்க வேண்டாம். இருவருக்கும் இடையே பேசிப் பார்க்கும்படி நல்லெண்ணத்தில் கேட்கலாம். ஆனால் ஃபிரிட்ஜுக்கு அவர் பொறுப்பாளி இல்லை. வீவகவும் இதில் தீர்ப்புச் சொல்லாது.

நீங்கள் போக வேண்டிய இடம் அரசு நீதிமன்றங்களில் உள்ள சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 2 ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் அதன் வரம்புக்குள் வரும். உங்களுடையது சரியாக 2 ஆண்டு, ஆகவே தடையில்லை. 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிமனிதர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, அவருக்கும்தான். அதனால் பெரிய வக்கீலோடு வந்து நிற்பாரோ என்ற கவலை வேண்டாம். மனுவை இணையத்திலேயே போடலாம், அங்கேயே சமரசம் பேசும் வசதியும் உண்டு. பெரும்பாலான சின்னச் சச்சரவுகள் விசாரணைக்குப் போகாமலே அங்கு பேசித் தீர்ந்துவிடக்கூடியவை.

போவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டிய சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, உங்கள் கணக்கில் 307 வெள்ளி. கட்டாத ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டுவதில் சிக்கல் வரும். அடுத்தது, அண்ணனின் குரல்செய்திகள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் தயார் செய்ய வேண்டியிருக்கும். வெட்டாமல், கூட்டாமல், அவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

மனு போடலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், இப்போது வேண்டாம் என்பேன். முதலில் அந்தச் செய்தியை அனுப்புங்கள். இன்னும் 10 மாதம் அதே வீட்டில் இருக்கப் போகிறீர்கள். நீங்கள் உரிமையைக் கேட்டதற்காக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் மறுத்தால் அதைத் தடுக்க முடியாது. அது அவர் விருப்பம். மகனின் பள்ளியை ஒட்டியே வீடு பார்த்தோம் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே இதையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் டெபாசிட்டில் 680 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் திருப்பித் தந்தால், அப்போது தயங்காமல் போங்கள். இன்று சேர்க்கும் அறிக்கையும் செய்திகளும் அன்றைக்குத்தான் கைகொடுக்கும்.

புதுப்பிக்கும் பேச்சு வந்தால், புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பட்டியலில் உள்ள மின்சாதனங்கள் வாடகைதாரரின் அலட்சியம் இல்லாமல் பழுதாகி, சரிசெய்ய இயலாமலோ செலவு தகாமலோ போனால், உரிமையாளர் தம் செலவில் இத்தனை நாளுக்குள் சமமான ஒன்றை மாற்றித் தர வேண்டும். ஃபிரிட்ஜுக்கு 5 நாள், மற்றவற்றுக்கு 14 நாள் என்று கேட்டுப் பாருங்கள். சாமான் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வாங்கிய ஆண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். ஹீட்டரும் அந்த ஃபிரிட்ஜின் வயதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அப்போதே பேசிவிடுங்கள். புதுப்பிக்கும் ஒப்பந்தத்துக்கும் முத்திரைத் தீர்வை உண்டு, கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டிவிட வேண்டும்.